வெப்பேக் பண்டில் அனலைசர்: கட்டம் கட்டிக் காட்டிக்கொடுக்கும் கருவி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நிறுவியதால் உங்கள் பண்டில், அதாவது தளத்தின் நிரல் கோப்புகளையெல்லாம் வெப்பேக் கட்டித் தரும் மூட்டை, ஒரு கேபி கூடக் குறையாது. குறைத்துத் தரும் என்று நம்பித்தான் பலரும் நிறுவுகிறார்கள், நானும் அப்படித்தான் நிறுவினேன். இது வெறும் தராசு. எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) எவ்வளவு கனம் என்று சொல்லும், அதோடு சரி.

லைப்ரரிகளை இறக்கித் தரும் என்பிஎம்மில் இறக்கி, வெப்பேக் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) ப்ளகினாகச் சேர்த்து, மூட்டை கட்டும் பில்டை ஓட்டினால், முடிந்த கையோடு பிரவுசரில் 8888 போர்ட்டில் ஒரு பக்கம் தானாகத் திறக்கும். பக்கம் முழுக்க வண்ணக் கட்டங்கள். பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு, அதற்குள் சின்னக் கட்டங்கள், அவற்றுக்குள் இன்னும் சின்னவை. நாம் எழுதிய நிரல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும், மீதி இடமெல்லாம் இறக்கிய லைப்ரரிகள் குடியிருக்கும் நோட் மாட்யூல்ஸ்தான். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது இத்துனூண்டுதானா என்று முதல் தடவை கொஞ்சம் அவமானமாகவே இருக்கும்.

என் கண்ணில் முதலில் பட்டது மொமெண்ட், தேதி நேரத்தைக் கையாளும் லைப்ரரி. "3 நாட்களுக்கு முன்" என்று ஒரே ஒரு இடத்தில் காட்டுவதற்காக எப்போதோ சேர்த்தது, சேர்த்ததே மறந்துபோயிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் லொக்கேல் என்று ஒரு பெட்டி, அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பொடிக் கோப்புகள், மொழிக்கு ஒன்றாக. பெரிதாக்கிப் பார்த்தால் டிஎல்எச் என்று ஒன்று இருந்தது. இது என்ன மொழி என்று தேடினால் கிளிங்கன், அறிவியல் புனைகதைக்காக இட்டுக்கட்டிய மொழி! எனக்குத் தெரிந்தவரை என் தளத்துக்கு வேற்றுக்கிரகவாசிகள் யாரும் வருவதில்லை.

இத்தனையையும் நான் கேட்கவே இல்லை. மொமெண்ட் தனக்குள் மொழியின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு ரெக்வயர் செய்கிறது, அதாவது அந்தப் பெயருள்ள கோப்பை உள்ளே இழுக்கிறது. ஓடும்போது எந்தப் பெயர் வரும் என்று பில்ட் நேரத்தில் வெப்பேக்குக்குத் தெரியாது, அதனால் எதற்கு வம்பு என்று அந்த ஃபோல்டரையே மொத்தமாக அள்ளிப் போட்டுவிடுகிறது. அப்படி எல்லா மொழிகளோடும் வந்தால் அனுப்புவதற்காக ஜிசிப் முறையில் சுருக்கிய பிறகும் சுமார் 70 கேபி. சொன்ன கோப்புகளைத் தவிர்க்கும் இக்னோர் ப்ளகின் போட்டு மொழிகளைக் கழற்றினால் 20 கேபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 2020-லேயே மொமெண்ட் குழுவே புதிய வேலைகளுக்கு இதை எடுக்காதீர்கள், லக்ஸன், டே ஜேஎஸ், டேட் எஃப்என்எஸ் மாதிரி ஒன்றைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. நான் அந்த மூன்றுக்கும் போகவில்லை, ஒரு வரிக்காக இன்னொரு லைப்ரரி எதற்கு, பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்ல் ரிலேட்டிவ் டைம் ஃபார்மேட் போதும்.

அடுத்து லோடாஷ், சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்களின் தொகுப்பு. அடைப்புக்குள் அவற்றில் ஒன்றான டிபவுன்ஸ் என்று மட்டும் எழுதி இம்போர்ட் செய்தால் டிபவுன்ஸ் மட்டும்தான் வரும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். முழு லோடாஷும் வந்து உட்கார்ந்திருந்தது, ஜிசிப்பில் 25 கேபி அளவுக்கு. பயன்படாத நிரலை உதிர்த்துவிடும் ட்ரீ ஷேக்கிங் ஒழுங்காக நடக்க ஈஎஸ் மாட்யூல் என்ற புதிய இம்போர்ட் முறை வேண்டும், சாதாரண லோடாஷ் காமன்ஜேஎஸ் என்ற பழைய முறையில் எழுதப்பட்டது. லோடாஷ் ஈஎஸ் பக்கம் போகலாம், அல்லது டிபவுன்ஸ் கோப்பை மட்டும் நேரடியாகப் பாதை கொடுத்து எடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்துவிட்டு மறுபடி பில்ட் ஓட்டினேன், கட்டம் அசையவே இல்லை. வேறு ஏதோ ஒரு பேக்கேஜ் தன் பங்குக்கு முழு லோடாஷையும் இழுத்து வந்திருக்கிறது.

இந்தக் கருவியின் மேல் எனக்குப் பெரிய குறை இங்கேதான். என்ன இருக்கிறது என்று அழகாகக் காட்டுகிறது, யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வதில்லை. டெர்மினலுக்குப் போய் என்பிஎம் எல்எஸ் போட்டு, மரக்கிளை மாதிரி வரும் பட்டியலில் மேலே ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே லைப்ரரி இரண்டு பதிப்புகளில் வந்திருந்தாலும் இரண்டு கட்டங்களாகக் கிடக்கும், நாமாகக் கவனித்தால்தான் உண்டு.

எண்கள் மூன்று விதம். ஸ்டாட் என்பது மினிஃபை செய்வதற்கு, அதாவது இடைவெளிகளையும் நீளப் பெயர்களையும் நறுக்குவதற்கு, முந்தைய அளவு, பார்ஸ்டு என்பது மினிஃபை ஆனது, ஜிசிப் என்பது அதைச் சுருக்கியது. ஒரே பில்டைப் பார்த்துக்கொண்டு ஒருவர் ஸ்டாட் கணக்கையும் இன்னொருவர் ஜிசிப் கணக்கையும் சொல்லி அரை மணி நேரம் சண்டை போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன், இருவர் சொன்னதும் சரிதான் என்பதுதான் கூத்து. என்னைக் கேட்டால் பார்ஸ்டைப் பாருங்கள். நெட்வொர்க்கில் சுருங்கி வந்தாலும் போனில் விரிந்துதான் ஆக வேண்டும், அப்புறம் அதை பிரவுசர் பார்ஸ் செய்து (படித்துப் பிரித்து), கம்பைல் செய்து, ஓட்ட வேண்டும். அதே எடையுள்ள ஒரு படத்துக்கு இந்த உழைப்பெல்லாம் கிடையாது. விலை குறைந்த போனில் இது நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, புரொடக்‌ஷன் பில்டில் வெப்பேக் பல மாட்யூல்களை (தனித்தனி நிரல் கோப்புகளை) ஒன்றாக ஒட்டிவிடும். ஒட்டியதன் உள்ளே பார்க்க இடது பக்கப் பட்டையில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது, அதன் பக்கத்திலேயே இது துல்லியமில்லை என்று கருவியே எழுதி வைத்திருக்கிறது. நேர்மைக்கு ஒரு சபாஷ், ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கட்டத்தில் இருப்பதில் எவ்வளவு நிஜமாக ஓடுகிறது என்பதும் இதில் தெரியாது. அதற்கு குரோம் டெவ்டூல்ஸில் கவரேஜ் டேப் இருக்கிறது, பக்கம் திறந்தபோது ஓடாமல் கிடந்த வரிகளைச் சிவப்பில் காட்டும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். வெப்பேக்குக்குப் பதிலாக வைட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த ப்ளகின் ஆகாது, ரோலப் விஷுவலைசர் எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட இதே காட்சிதான்.

ஐந்துக்கு நான்கு தருவேன். யார் இழுத்து வந்தது என்று காட்டியிருந்தால் அந்த ஒன்றையும் சேர்த்தே கொடுத்திருப்பேன். இப்போது என் பண்டிலில் மிச்சமிருக்கும் மிகப் பெரிய கட்டம் ஒரு அட்டவணை லைப்ரரி, காசு கொடுத்து வாங்கியது, மினிஃபை செய்த ஒற்றைக் கோப்பாகத்தான் தருகிறார்கள், உள்ளே கை வைக்க வழியில்லை. அறிக்கைப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் வருகிற மாதிரி டைனமிக் இம்போர்ட்டில் தள்ளியிருக்கிறேன். முதல் பக்கத்தின் படத்திலிருந்து அது போய்விட்டது. தனித் துண்டுக் கோப்பாக (chunk) ஓரத்தில் அதே பருமனோடு உட்கார்ந்திருக்கிறது.