மலை இறக்கத்தில் பழைய பைக்: தண்டுக் கண்ணாடியா, ஹாண்டில் முனைக் கண்ணாடியா?

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில் பழைய பைக் ஓட்டுகிற யாரும் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி வருவதில்லை. இரண்டாம் கியரில் போட்டு, வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்க விட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்குவோம். பிரேக்குக்கு அது நல்லது. ஆனால் எஞ்சின் பிடித்து வேகம் குறையும்போது பின்பக்க பிரேக் லைட் எரியாது. பின்னால் வருகிற பஸ்காரருக்கு நாம் மெதுவாவது உடனே தெரியாது. அவர் நம்மைக் கவனிக்காவிட்டாலும் நாம் அவரைக் கவனித்தாக வேண்டும். அழகுக்காக, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையில் ஓடுவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது.

இப்போது பழைய வண்டிக்காரர்கள் பலர் ஹாண்டில் முனையில் மாட்டும் வட்டக் கண்ணாடிக்கு ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை, அந்தக் காலத்து வண்டிக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் எல்லா வண்டிக்கும் அது சரிவராது.

ஹொண்டா சிடி 125 பென்லி, சிடி 200 ரோட்மாஸ்டர் போன்றவற்றில் ஹாண்டில் உயரமானது, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவோம். லீவர் பிடியிலேயே கண்ணாடிக்கான மறை, அதாவது தண்டை முறுக்கி ஏற்றும் புரியுள்ள துளை, இருக்கும். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், பழைய சின்ன ஹொண்டாக்கள் சிலவற்றில் 8. யமஹாவாக இருந்தால் வலப்பக்க மறை தலைகீழாகச் சுற்றும், அதைக் கவனிக்காமல் முறுக்கினால் மறை தேய்ந்துபோகும். இப்படிப்பட்ட வண்டிக்கு அந்த மறையில் முறுக்கி நிறுத்தும் குட்டையான, கனமான தண்டுக் கண்ணாடியே போதும். கண் மட்டத்துக்குக் கிட்ட இருப்பதால் பார்வை ரோட்டை விட்டு அதிகம் இறங்காது. நீளத் தண்டு வாங்காதீர்கள். தண்டு நீள நீள அதிர்வும் கூடி, பின்னால் வருவது லொறியா ஓட்டோவா என்று தெரியாமல் போகும்.

ஹாண்டில் தாழ்ந்தோ தட்டையாகவோ உள்ள பழைய பிரித்தானிய வண்டியிலும், ஹாண்டிலைத் தாழ்த்திக் கட்டிய வண்டியிலும் கதை வேறு. முழங்கை விரிந்து நிற்பதால் தண்டுக் கண்ணாடியில் பாதிக்கு மேல் நம் ஜாக்கெட் கைதான் தெரியும். முனைக் கண்ணாடி முழங்கைக்கு வெளியே நிற்பதால் ரோட்டை முழுதாகக் காட்டும். இதற்காகத்தான் அதை வாங்க வேண்டும்.

அதிலும் இரண்டு வகை. ஒன்று குழாய்க்குள் செருகுவது: போல்ட்டை முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பரோ உலோக ஆப்போ விரிந்து பிடித்துக்கொள்ளும். மற்றது குழாயின் வெளிப்பக்கத்தை வளையம் போட்டுக் கவ்வுவது.

கவ்வும் வகை பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் கிரிப் (கைப்பிடி ரப்பர்) முடிந்த பிறகு அதற்கு ஒரு விரல் அகலமாவது வெறும் குழாய் வேண்டும். பழைய ஹாண்டிலில் அந்த இடம் கிடைக்காது. கிரிப், லீவர், சுவிட்ச் எல்லாவற்றையும் உள்ளே தள்ள வேண்டிவரும். நானுஓயாப் பக்கம் விடியற்காலைக் குளிரில், கையுறை போட்ட விரலுக்கு லீவர் இடம் மாறினால் எவ்வளவு தொல்லை என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அதோடு வளையம் நிக்கல் பூச்சைக் கீறும். கீறிய இடத்தில் மழைக்காலத்தில் துரு ஏறும்.

நான் செருகும் வகையின் பக்கம். ஜப்பான் வண்டிகளிலும் பெரும்பாலான பிரித்தானிய வண்டிகளிலும் ஹாண்டில் குழாயின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம் கூட. மிகப் பழைய சிலவற்றில் ஒரு அங்குலம். இங்கே முக்கியம் உள்விட்டம். குழாயின் தடிப்பைப் பொறுத்து அது மாறும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன் உள்ளே இருக்கும் துருவை அரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். சில பழைய ஹொண்டாக்களில் எக்ஸிலேட்டர் கேபிள் குழாய்க்குள்ளேயே ஓடும். அதில் எதையும் செருகப் பார்க்காதீர்கள். ரப்பர் விரியும் வகையில் ரப்பர் நாளடைவில் காய்ந்து கெட்டியாகிக் கழன்றுவரும், உலோக ஆப்பு நல்லது. ஆனால் துருப்பிடித்த குழாயில் அளவுக்கு மீறி முறுக்கினால் முனையே பிளந்துவிடும்.

கிரிப்பின் மூடிய முனையை வெட்டித்தான் ஆக வேண்டும். வண்டியோடு வந்த அசல் கிரிப்பில் கத்தி வைக்காதீர்கள். அதைக் கழற்றி வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு, வெட்டுவதற்கென்று சாதாரண ஜோடி ஒன்றை வாங்குங்கள். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வண்டிக்கும் அதன் அசல் சாமானுக்கும் மதிப்பு நன்றாகவே ஏறியது.

ஒரு பக்கம் மட்டும் போடக் காசிருந்தால் வலப்பக்கம் போடுங்கள். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், முந்துகிறவர் வலத்தால் வருவார். சிக்கல் என்னவென்றால் எக்ஸிலேட்டரும் அங்கேதான். கண்ணாடியின் அடிப்பாகம் கிரிப்பில் உரசினால், கையை விட்டாலும் எக்ஸிலேட்டர் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் அது உயிரோடு விளையாடும் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு நாணயம் புகும் இடைவெளி விடுங்கள். ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு முறையும் எக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டுப் பாருங்கள். தானாகச் சட்டென்று திரும்பாவிட்டால் கராஜைவிட்டு வண்டியை எடுக்கக் கூடாது, கராஜ் பாஸ் (மெக்கானிக்) என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது அகலம். வெளியே நீட்டி வைத்தால் பக்கத்துக்குப் பக்கம் வண்டி அகன்றுவிடும். தோட்டத்து ரோட்டில் எதிரே கொழுந்து லொறி வந்தால் ஒதுங்க இருப்பதே கொஞ்ச இடம். கண்ணாடியில் எதுவும் தட்டினால் அந்த அடி நேரே ஹாண்டிலைத் திருப்பும், ஒரு பக்கம் பள்ளம். ஆகவே தட்டினால் மடங்கும் மூட்டு உள்ளதையே வாங்குங்கள். மூட்டில்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஹாண்டிலுக்குக் கீழே தொங்கவிடுவதைவிட மேலே நிமிர்த்தி வைப்பது மேல். கீழே இருந்தால் முன் சக்கரச் சேறும் படும், ஹாண்டிலைத் திருப்பும்போது முழங்காலிலும் இடிக்கும்.

கண்ணாடியும் கவனிக்க வேண்டியது. தளவாடி (தட்டையான கண்ணாடி) தூரத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் மூன்று அங்குல வட்டத்தில் அதில் தெரிவது மிகக் குறைவு. குவிவாடி (நடுவில் வெளியே புடைத்த கண்ணாடி) அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கும். பட்டிப்பொல பக்கம் மூடுபனியில் பின்னால் இரண்டு சிறு வெளிச்சம் தெரிந்தால், வண்டி தூரத்தில் இருப்பதாக நினைப்போம், அது கிட்ட வந்திருக்கும். வளைவு குறைந்த குவிவாடியைத் தேடி வாங்கி, முதலில் பழக்கமான ரோட்டில் பகலில் ஓடி, தலையைத் திருப்பிப் பார்த்து ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்குங்கள்.

முதல் இறக்கம் இறங்கி முடிந்ததும் போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும். இடப்பக்கக் கண்ணாடியை ஆறுதலாகப் பிறகு வாங்கலாம்.