டுமகெட்டே சந்தையில் ஒரு காலைச் சாப்பாடு

பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் டுமகெட்டே என்று ஒரு ஊர். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ரிசால் பூல்வார்டில் கடல் காற்று வாங்கிவிட்டு, பழைய மணிக்கூண்டின் முன் படம் எடுத்துக்கொண்டு, டால்பின் பார்க்க பாயிஸ் பக்கம் போய்விடுகிறார்கள். காலையில் சந்தைக்குள் இருக்கும் பைனிட்டான் கடைகளில் ஒருமுறை சாப்பிடாமல் அந்த ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே ஊழியக்காரனாக ஏழு மாதம் இருந்தேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் எங்களைப் போன்ற இளைஞர்கள் 24 மாதம் ஊழியம் செய்வார்கள், எந்த ஊர் என்பதைச் சபைதான் முடிவு செய்யும். காலை 6:30க்கு எழ வேண்டும், ஜெபம், வேத வாசிப்பு, மொழிப் படிப்பு, அப்புறம் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை என்று இருவர் இருவராக வெயிலில் கிளம்பிவிடுவோம். கம்பானியன் என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டாளியைவிட்டுத் தனியாக எங்கும் போகக் கூடாது. வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் பி-டே, அதாவது துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குப் பேச ஒதுக்கிய நாள். அந்த நாளின் காலைதான் எங்களுக்குப் பைனிட்டான்.

அந்த ஊரில் பேசும் செபுவானோ மொழியில் 'இனிட்' என்றால் சூடு, சூடாக ஏதாவது குடித்து உடம்பைத் தெம்பாக்கிக்கொள்ளும் இடம் பைனிட்டான். கடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு மேடை, அதன் முன்னால் நீள பெஞ்சு, மீன் விற்க வந்தவர், பெடிகேப் என்ற மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர், கல்லூரி மாணவி, நாங்கள் என்று தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். மூன்று பொருள்தான் முக்கியம். பூட்டோ மாயா என்பது ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பால், இஞ்சி சேர்த்து ஆவியில் வேகவைத்து வாழையிலையில் வைத்துத் தருவது. பெயரைக் கேட்டால் நம் புட்டு நினைவுக்கு வரும், ஆனால் இது உதிராது. பக்கத்தில் பழுத்த மாம்பழம் ஒரு துண்டு வைத்துச் சாப்பிட்டால் அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றாது. இரண்டாவது புட்புட் காபோக், வாழையிலையில் உருட்டிக் கட்டிய சிறுதானியம். பனிவரகைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அதுதான். வடக்கே இருக்கும் டான்ஹாய் புட்புட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்.

மூன்றாவது சிக்வாத்தே. வறுத்து அரைத்த கொக்கோவை வட்ட வில்லையாகத் தட்டி வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் டாப்லேயா. அதை வெந்நீரில் போட்டு, பாதிரோல் என்ற மரக் கடைகோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டிக் கடைவார்கள், பருப்புக் கடையும் மத்தேதான். நுரை பொங்கி, கொஞ்சம் கசப்போடு கெட்டியாக வரும். ஞானவார்த்தை என்ற எங்கள் சபையின் உடல்நல விதிப்படி எங்களுக்குக் காபியும் டீயும் கிடையாது. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் முதலில் காபிதான் நீட்டுவார்கள், அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மனது சங்கடப்படும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. எல்லோரும் குடிப்பதையே நானும் குடித்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் இந்திய முகத்தைப் பார்த்தால் 'பும்பாய்' என்பார்கள். பம்பாய் என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. பஞ்சாபிலிருந்து வந்த பலர் பைக்கில் வீடு வீடாகப் போய் வட்டிக்குக் கடன் கொடுப்பதால், பும்பாய் என்றாலே வட்டிக்காரர் என்று நினைத்துவிடுவார்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், அந்தத் தொழிலுக்கே 'ஃபைவ்-சிக்ஸ்' என்றுதான் பெயர். வாசலில் நின்று அவர்கள் வழக்கப்படி "அயோ!" என்று குரல் கொடுப்பேன், எட்டிப் பார்த்துவிட்டு "எங்களுக்குக் கடன் எதுவும் இல்லை" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. முதல் மாதங்களில் அது மிகவும் வலித்தது. சந்தையில் பைனிட்டான் கடைக்கார அம்மாவும் முதல் நாள் "பும்பாய்?" என்றுதான் கேட்டார். இல்லை, ஊழியத்துக்கு வந்தேன் என்று தடுமாறிச் சொன்னேன், சிரித்துக்கொண்டே வார்த்தையைத் திருத்தினார். மூன்றாவது வாரம் நான் அவருக்கு 'தோங்', நம் ஊர் தம்பி மாதிரி. அவர் எனக்கு 'மனாங்', அக்கா மாதிரி. வாடிக்கையாளரை அங்கே 'சுகி' என்பார்கள், சுகி ஆகிவிட்டால் மாம்பழத் துண்டு கொஞ்சம் பெரிதாகவே வரும். பாடப் புத்தகத்தில் கற்ற செபுவானோவைவிட அந்த பெஞ்சில் கற்றதுதான் எனக்கு நின்றது.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே புழுக்கம், அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும், மழை பெய்தால் சந்தைத் தரை சேறாகிவிடும். சில நாள் சிக்வாத்தேயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள், முன்கூட்டியே குறைத்துப் போடச் சொல்லிவிடுங்கள். தாமதமாகப் போனால் புட்புட் காபோக் தீர்ந்திருக்கும், 7 மணிக்குள் போய்விடுவது நல்லது. வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள், கொக்கோக் கறை எளிதில் போகாது. விலை மிகவும் குறைவு, நாங்கள் இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டு 100 பெசோவைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கடற்கரைக்கு நடந்தால் பூல்வார்டில் ஏழு கன்னியாஸ்திரிகள் வந்திறங்கும் சிலைகள் இருக்கும். 1904இல் வந்த புனித பவுல் சபைச் சகோதரிகள் அவர்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1901இல், பிரெஸ்பிட்டேரியன் ஊழியர்கள் சில்லிமன் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள், இன்று அது பெரிய பல்கலைக்கழகம். அந்தச் சிலைகளின் பக்கத்தில் உட்கார்ந்து 9:30 ஆகட்டும் என்று காத்திருப்பேன். அங்கே 9:30 என்றால் கோவையில் 7 மணி, அம்மா எழுந்திருப்பார். போனை எடுத்ததும் "சாப்டியா கண்ணு?" என்பார். இன்று என்ன சாப்பிட்டேன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

டாப்லேயாவும் அந்தச் சந்தையிலேயே கிடைக்கும். சர்க்கரை சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் நம் பருப்பு மத்தே போதும், கொதிக்கும் நீரில் நுரை வரும்வரை கையெடுக்காமல் கடையுங்கள்.