தேவைக்கு ஒரு மாத்திரையா, தினமும் ஒரு மாத்திரையா? எங்களுக்கு ஒத்து வந்தது எது

எனக்கு 11 வருடமாக சுகர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். விறைப்பு சரியாக வராமல் போனதும் எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேலையைச் சாக்குச் சொல்லி, மனைவி தூங்கிய பிறகே வீட்டுக்குப் போவேன். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யூராலஜி டாக்டர் எங்கள் முன் வைத்தது இரண்டு வழி.

முதலில் சில்டெனாபில் 50 மில்லிகிராம். ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், நாலைந்து மணி நேரம் பலன் இருக்கும். வேண்டும்போது மட்டும் என்பதால் செலவு குறைவு. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வேலை செய்யத் தாமதமாகும். கல்யாண வீட்டு பிரியாணிக்குப் பிறகு போட்டு, அதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. எங்களைப் பிரித்தது கடிகாரம்தான். போட்ட நிமிடத்திலிருந்து இரண்டு பேருக்கும் கண் அங்கேயே இருக்கும். ஒரு நாள் அவளுக்குத் தலைவலி. வேண்டாம், படுத்துக்கொள் என்றேன். "மாத்திரை போட்டுட்டீங்களே, வீணாப் போயிருமேங்க" என்று எழுந்து உட்கார்ந்தாள். எனக்காக இல்லை, மாத்திரைக்காக. அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் அறுத்தது.

அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். டாடாலாபில் 5 மில்லிகிராம், தினமும் ஒரே நேரத்தில். உடம்பில் அளவு நிலைக்க ஐந்து நாள் ஆகும் என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: மூன்று வாரம் உறவு வேண்டாம், தொட்டுக்கொள்வது மட்டும் போதும்.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறுவதற்குள் அவளுக்குத் தலை சுற்றி, என் தோளில் சாய்ந்துகொண்டாள். இரவு ஒரே கம்பளிக்குள் அவள் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. தினசரி மாத்திரையில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்: தொடுவதற்கு நேரம் குறிக்க வேண்டியதில்லை, தொட்டால் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

குறையும் உண்டு. முதல் வாரம் இடுப்பு வலித்தது, மூக்கு அடைத்தது. மாதம் முழுக்க வாங்கினால் செலவு கூடும். ஆசையை இரண்டு மாத்திரையும் உண்டாக்காது. சுகரைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் இரண்டின் பலனும் குறையும். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாக்டரைப் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

விறைப்புக்கென்றே இருக்கும் பம்ப், ஊசி இரண்டும் நாங்கள் முயன்றதில்லை. டாடாலாபிலையே 10 மில்லிகிராமாக வேண்டும்போது மட்டும் போடலாம், 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். செலவு கட்டுப்படியாகாதவர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். நாங்கள் இரண்டே தடவைதான் போட்டுப் பார்த்தோம். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.