மணிமேகலையா, குந்தவையா? மகளுக்குப் பெயர் தேடிய பத்து மாதங்கள்

குழந்தையின் பிறப்பைப் பெயர் இல்லாமலேயே பதிந்துவிடலாம். அப்புறம் 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வசதியை நாங்கள் கிட்டத்தட்ட கடைசிவரை இழுத்தோம். மகள் தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் பழகிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வெறும் ‘பாப்பா’தான். இலக்கியத்திலோ வரலாற்றிலோ வேர் உள்ள, இன்றைய பிள்ளைகளிடம் அதிகம் கேட்காத பெயராக வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் சண்டை இல்லை. எந்தப் பெயர் என்பதில்தான் இழுபறி. கடைசியில் நான்கு பெயர்கள் நின்றன: ஆதிமந்தி, நப்பின்னை, குந்தவை, மணிமேகலை.

நாங்கள் வைத்தது மணிமேகலை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்றும் சாதாரணப் பெயர்கள் இல்லை. இப்போது பெயர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அவற்றில் ஒன்று பொருந்தக்கூடும்.

அழகு, பொருள், எத்தனை எழுத்து என்பதையெல்லாம் சீக்கிரம் முடித்துவிடலாம். நான்கும் காதுக்கு இனியவை. குந்தவை சின்னது, ஆங்கிலத்தில் எழுதினாலும் எட்டு எழுத்துதான். மணிமேகலை தமிழில் ஐந்தே எழுத்து, ஆங்கிலத்தில் பதினொன்று ஆகிவிடும். நடுவில் வரும் ‘க’வுக்கு ‘கே’ போடுவதா ‘ஜி’ போடுவதா என்ற குழப்பமும் உண்டு. எதைப் போட்டாலும் சரி, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் ‘ஜி’ போட்டோம், வாய் அப்படித்தான் உச்சரிக்கிறது.

முதலில் விலகியது ஆதிமந்தி. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கரிகாலனின் மகள் என்று மரபு சொல்லும் இவள், காவிரியின் வெள்ளம் கொண்டுபோன கணவன் ஆட்டனத்தியைத் தேடிக் கரையோடு அலைந்தவள். பரணர் அகநானூற்றில் திரும்பத் திரும்ப அவளை நினைக்கிறார். குறுந்தொகையின் 31-ஆம் பாட்டு ஆதிமந்தியார் பாடியதாகவே இருக்கிறது. ‘நானும் ஆடுகளத்துப் பெண், என் வளையைக் கழலச் செய்தவனும் ஆடுகளத்து ஆண்’ என்று அதில் ஒருத்தி சொல்லும் தைரியம் இன்றைக்கும் புதுசு. கண்ணதாசன் அந்த இணையைக் காவியமாக எழுதினார், 1960-இல் ‘மன்னாதி மன்னன்’ படமாகவும் அந்தக் கதை வந்தது. எல்லாம் இருந்தும் பள்ளிக்கூடத்தில் ‘மந்தி’ என்ற மூன்று எழுத்து போதும், பிள்ளையை அழவைக்க. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நப்பின்னை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். மற்ற இடங்களில் கண்ணனுக்குப் பக்கத்தில் ராதை நிற்கிறாள் என்றால், தமிழில் நிற்பவள் நப்பின்னை. ஏழு காளைகளை அடக்கி அவளைக் கண்ணன் மணந்தான். திருப்பாவையின் 18, 19, 20-ஆம் பாட்டுகளில் தோழிகள் அவளைத்தான் எழுப்புகிறார்கள். கையில் பந்தோடு, வளை ஒலிக்க வந்து கதவைத் திற என்கிறார்கள். வேறெந்தப் பெயருக்கும் இப்படி ஒரு மார்கழி விடியற்காலை இல்லை. ஆனால் அவளை எல்லோரும் கூப்பிடுகிறார்களே தவிர, அவளாக எங்கேயாவது கிளம்பிப் போனதாக ஒரு கதையை நான் மகளுக்குச் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார் இன்னொன்றும் சொன்னார்: அங்கே குழந்தைக்குக் கட்டும் துணிக்கு ‘நாப்பி’ என்று பெயராம். எங்களுக்கு அது பெரிய தடையாகப் படவில்லை. கடல் தாண்டி வாழப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியதுதான்.

உண்மையான போட்டி குந்தவையோடு. கணவரின் தேர்வு அது. அவர் சொன்ன காரணங்களில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை, கல்லில் பெயர் இருக்கும் பெண். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடைகளைப் பட்டியலிடச் சொல்லும்போது, தான் கொடுத்ததற்கு அடுத்ததாகவே ‘அக்கன் கொடுத்தன’ என்று வைக்கிறான். மனைவியர் கொடுத்தது அதற்குப் பிறகுதான். தஞ்சாவூரில் தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் மருத்துவச்சாலை வைத்தவள், தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் கோயில் எடுத்தவள். போளூர் பக்கத்துத் திருமலையில் ‘குந்தவை ஜினாலயம்’ இன்றும் இருக்கிறது. தஞ்சாவூரில் ஓர் அரசு மகளிர் கல்லூரியே குந்தவை நாச்சியார் பெயரில் நடக்கிறது. ராஜராஜன் தன் மகளுக்கும் அக்காவின் பெயரையே வைத்தான். அந்தக் குந்தவைதான் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தவள்.

‘குந்த வை’ என்று பிரித்துக் கேலி செய்வார்களே என்று யாரோ சொன்னார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெயரையும் உடைக்கலாம்.

என் தயக்கம் வேறு. ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் கடைசியில் வந்தபோது பாப்பாவுக்கு ஏழு மாதம். அந்த வாரம் நாங்கள் ‘குந்தவை என்று யோசிக்கிறோம்’ என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: ‘ஓ, படம் பார்த்துட்டு வச்சீங்களா?’ கணவர் அந்தப் பெயரைக் கல்லூரிக் காலத்திலிருந்தே மனதில் வைத்திருந்தவர். நொந்துபோனார். இணையத்தில் பெயரைத் தேடினால் நகைகளோடு ஒரே நடிகையின் முகம் வரிசையாக வந்தது. அதற்கு முன்னால் அறுபது எழுபது வருடமாக அந்தப் பெயர் கல்கியின் கதாநாயகிக்குச் சொந்தம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உண்மைப் பெண் அந்த இரண்டு நிழல்களுக்கும் பின்னால் எங்கேயோ நிற்கிறாள். இனி இந்தப் பெயரோடு வளரும் எந்தக் குழந்தையையும் இளவரசியாகத்தான் பார்ப்பார்கள், அழகோடும் சாமர்த்தியத்தோடும் ஒப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அங்கேதான் என் முடிவு பிறந்தது. பெயரின் அழகை விட, அந்தப் பெயருக்கு எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரே வீடு என்றால் பிள்ளை அதிலேயே குடியிருக்க வேண்டும். பல வீடுகள் இருந்தால் வளர்ந்த பிறகு எது தன்னுடையது என்று அவளே தேர்ந்துகொள்ளலாம்.

மணிமேகலைக்கு எத்தனை வீடு என்று எண்ண உட்கார்ந்த அன்று இரவு நான் தூங்கவில்லை. முதலில் அது ஒரு நகை: பெண்கள் இடையில் அணியும், ஏழு கோவையாகக் கோத்த மணிவடம். சொல்லின் வேர் வடமொழி. தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், அது நியாயம்தான். அடுத்தது, அது ஒரு கடல் தெய்வம். கப்பல் உடைந்து தத்தளிக்கும் நல்லவர்களைக் காப்பது அவள் வேலை. பௌத்த ஜாதகக் கதையில் மகாஜனகன் ஏழு நாள் விடாமல் நீந்துகிறான். கரையே தெரியாத கடலில் ஏன் நீந்துகிறாய் என்று அவனிடம் கேட்டு, அவன் பதிலில் மகிழ்ந்து தூக்கிப்போவது மணிமேகலாதான். தாய்லாந்து மன்னர் பூமிபால் இந்தக் கதையைத் தன் நடையில் எழுதி 1996-இல் வெளியிட்டார்.

தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் இன்னும் சுறுசுறுப்பானவள். கையில் ஒளிரும் மணியை அவள் வீசிக் காட்டினால் அது மின்னல். அதைப் பறிக்கத் துரத்தும் அசுரன் எறியும் கோடரியின் ஓசை இடி. அவன் எறிவது ஒருநாளும் அவள் மேல் படுவதில்லை. கம்போடிய மரபு நடனத்தில் இதை ஆடுகிறார்கள், மழை வேண்டும் சடங்கோடும் இந்த ஆட்டம் சேர்ந்தது. மேற்குப் பசிபிக் புயல்களுக்கு வைக்கும் பெயர்ப் பட்டியலில் தாய்லாந்து கொடுத்த பெயர்களில் ஒன்று ‘மேக்கலா’. 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிலிப்பைன்ஸின் டக்லோபானுக்குப் போனபோது அவருடைய பயணத்தைச் சுருக்க வைத்தது அந்தப் புயல்தான். நம் பூம்புகார்ப் பெண்ணின் பெயர் அங்கே மழையில் நனைந்துகொண்டிருந்தது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இந்தத் தெய்வத்தையும் நம் காப்பியத்தையும் இணைப்பது ஒரு பெயர் சூட்டு விழா. சிலப்பதிகாரத்தில் மாடலன் என்ற மறையவன் அதைச் சொல்கிறான். கோவலனின் முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து தவித்தபோது அவரைக் காப்பாற்றிய கடல் தெய்வத்தின் பெயரைத்தான், மாதவிக்குப் பிறந்த தன் மகளுக்குக் கோவலன் வைத்தான். நன்றிக்கடனாக வந்த பெயர் இது. எங்களைப் போலவே அவனும் பெயருக்கு ஒரு காரணம் தேடியிருக்கிறான் என்பது எனக்கு நெருக்கமாக இருந்தது.

அப்புறம் சாத்தனாரின் காப்பியம், 30 காதைகள். உ.வே.சாமிநாதையர் 1898-இல் அச்சில் கொண்டுவந்தது. 1940-இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்துப் படமாக வந்தது. பொன்னியின் செல்வனிலும் கடம்பூர் மாளிகையில் ஒரு மணிமேகலை இருக்கிறாள், பாவம், அவள் கதை துயரமானது. ஒரு பதிப்பகத்துக்கு இந்தப் பெயர், சின்னத்திரையில் கலகலவென்று பேசும் தொகுப்பாளர் ஒருவருக்கும் இந்தப் பெயர். இத்தனை பேர் குடியிருந்தும் யாருக்கும் முழுக்கச் சொந்தமாகிவிடவில்லை.

எதிர்ப்பு மாமியாரிடமிருந்து வந்தது. “சாமியாரா போனவ பேரையா பொம்பளப் புள்ளைக்கு வப்பாங்க? அதுவும் மாதவி மக பேரு…” என்றார். அவர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மணிமேகலை கடைசியில் பௌத்தத் துறவியாகிறாள், கணிகையர் குலத்தில் பிறந்தவள் என்பதும் உண்மை. நான் அவரோடு வாதாடவில்லை. ஒரு வாரம் சாயங்காலம் தோறும் கதையைப் பகுதி பகுதியாகச் சொன்னேன். இளவரசன் உதயகுமரன் துரத்துவது. கடல் தெய்வம் தூங்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத் தீவில் விடுவது. அங்கே அமுதசுரபி கிடைப்பது. கற்புள்ள பெண் ஒருத்தி முதல் பிச்சை இட வேண்டும் என்று ஆதிரையின் வாசலுக்குப் போவது. எவ்வளவு தின்றாலும் அடங்காத காயசண்டிகையின் பசி ஒரு பிடிச் சோற்றில் தீர்வது. சிறைச்சாலைக்குள் போய் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, அந்தக் கட்டடத்தையே அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி அரசனிடம் கேட்பது.

சிறைக் காட்சியில் மாமியார் நிறுத்தச் சொன்னார். “ராஜா ஒத்துக்கிட்டானா?” “ஒத்துக்கிட்டான் அத்தை.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சோறு போட்டவ பேருன்னா வச்சுக்கோ” என்றார். துறவு அவருக்கு இன்னும் உறுத்தல்தான், அதை நான் மறைக்கவில்லை.

எனக்கு அந்தத் துறவிலும் ஒரு பெருமை உண்டு. பாட்டி சித்திராபதி ஒரு வழி சொல்கிறாள், இளவரசன் இன்னொரு வழி சொல்கிறான். இரண்டையும் ஏற்காமல் மூன்றாவது ஒன்றை அவள் தேடுகிறாள். வஞ்சியில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். ஆண் துறவி வேடம் போட்டுக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்தின் நிலை. எல்லாவற்றையும் கேட்ட பிறகே முடிவெடுக்கிறாள். குந்தவைக்குக் கொடை உண்டு, அதிகாரமும் உண்டு. இப்படி ஊர் ஊராகக் கேள்வி கேட்டுப் போகும் பெண் மணிமேகலை ஒருத்திதான். என் மகளிடம் ஒட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இதுதான்.

இனி நடைமுறை. மகளுக்கு இப்போதுதான் நான்கு வயது, எங்கள் அனுபவம் அவ்வளவுதான். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர்: மருத்துவமனையில் சீட்டு வாசிப்பவர், கோபம் வந்தால் நான். வீட்டில் மேகலை, அப்பாவுக்கு மணி. பள்ளியில் முதல் வாரமே ‘மேகா’ ஆக்கிவிட்டார்கள். சுருங்கும் பெயரை விரும்பாதவர்கள் குந்தவை பக்கம் போவது நல்லது, அது சுருங்காது. வயதானவர்கள் பலர் ‘எங்க சித்தி பேரு’ என்கிறார்கள், ஆக அந்தத் தலைமுறைக்கு இது அரிதான பெயரே இல்லை. பதினைந்து வயதில் அவளுக்கு இது பழைய பெயராகப் படுமா, பாடப்புத்தகத்தில் ஐம்பெருங்காப்பியம் வரும் அன்று வகுப்பே திரும்பிப் பார்ப்பதை ரசிப்பாளா, வெறுப்பாளா என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

கணவர் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். இன்னொரு பெண் பிறந்தால் அவளுக்குக் குந்தவை, அதில் நான் வாய் திறக்கக் கூடாது. போன மாதம் தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயிலின் சுவரில் எழுத்துகளைக் காட்டி, “இங்கேதான் அக்கா கொடுத்ததை எழுதி வச்சிருக்காங்க” என்று அவர் மேகலையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “என் பேர் எங்க இருக்கு?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். உன் பேர் கடலில் இருக்கு என்று சொன்னேன். அடுத்த நாள் பூம்புகாருக்கு வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.