‘ஹேவிங் அவர் சே’: கையில் கத்தி, வாயில் நூறு வருஷக் கதை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய நாடகம் என்றதும் ஊர்வலத்தையும் போலீஸ் தடியையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எமிலி மான் எழுதிய ‘ஹேவிங் அவர் சே’ நாடகத்தில் இருப்பது நியூயார்க்கை ஒட்டிய மவுண்ட் வெர்னனில் ஒரு வீடு, 103 வயது சேடி டெலனி, 101 வயது பெஸ்ஸி டெலனி. காலமான அப்பாவின் பிறந்தநாளுக்காக அக்காவும் தங்கையும் விருந்து சமைத்தபடியே பேசுகிறார்கள். அந்த அப்பா 1858இல் அடிமையாகப் பிறந்து, எபிஸ்கோப்பல் என்ற கிறிஸ்தவத் திருச்சபையின் பிஷப் வரை உயர்ந்தவர்.

பத்திரிகையாளர் எமி ஹில் ஹார்த் இந்தச் சகோதரிகளிடம் கேட்டுப் பதிவு செய்து 1993இல் புத்தகமாக வந்த வாய்மொழி வரலாறுதான் மூலம். 1995இல் நாடகம் நியூயார்க் பிராட்வேயின் பூத் தியேட்டருக்கு வந்தது. நடிக்க இரண்டே பெண்கள் போதும் என்பதால் சின்னக் குழுக்களும் துணிந்து எடுக்கின்றன. அவர்கள் முதலில் சறுக்குவது நடிப்பில் அல்ல, சமையலில்.

காய் நறுக்குவது இங்கே அலங்காரம் இல்லை. கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் பார்வையாளர் காது கூர்மையாகும். ஜார்ஜியாவின் வேக்ராஸ் ரயில் நிலையத்தில், வம்பு பேசிய குடிகார வெள்ளையனைப் பெஸ்ஸி திட்டிவிட, கூட்டம் கூடி உயிர் போகும் நிலை வருகிறதே, அந்த இடத்தில் கத்தி ஓடிக்கொண்டே இருந்தால் கதை செத்துவிடும். நடிகை கத்தியைப் பார்த்துக்கொண்டு பேசினாலும் வசனம் மேசையோடு நின்றுவிடும். விவரம் தெரிந்த குழு முக்கால்வாசிக் காயை முன்பே நறுக்கி வைத்துவிட்டு, மேடையில் கால்வாசிதான் நறுக்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி போடும். இல்லாவிட்டால் மைக்கில் ‘டக் டக்’ சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

இன்னொரு தொல்லை, முதுமையை நடிப்பது. கூனிக் குறுகி, குரலை நடுங்கவிட்டால் அரை மணியில் அலுத்துவிடும். இந்தப் பாட்டிகள் அப்படிப்பட்டவர்களும் இல்லை. ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடித்துவைக்கும் வேகம் இருக்க வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி தேவை. சேடி அமைதியாகக் காரியம் சாதிப்பவர். நியூயார்க் பள்ளி ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனால் நிறத்தைப் பார்த்துக் கழித்துவிடுவார்கள் என்று, அதைத் தவிர்த்துவிட்டு நேரே முதல் நாள் வகுப்பில் போய் நின்றவர். பெஸ்ஸி பட்டென்று பேசுகிறவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தபோது தேறவில்லை என்று ஆசிரியர் அவருக்குத் திருப்பித் தந்த அதே பயிற்சி வேலையை, வெள்ளைக்காரத் தோழி தன் பெயரில் கொடுத்துத் தேறிவிட்டாள். இரண்டு பேரையும் ஒரே மாதிரி ‘நல்ல பாட்டி’ ஆக்கிவிட்டால் நாடகமே போச்சு.

குடும்பப் புகைப்படங்களைத் திரையில் காட்டும் இடங்களையும் கவனியுங்கள். பேச்சு முடிந்த பிறகு படம் வந்தால் பள்ளிக்கூடப் பாடம் ஆகிவிடும். பெயர் காதில் விழும்போதே முகம் தெரிய வேண்டும். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம் என்பதால், படம் இல்லாமல் யார் யார் என்று பிடிபடாது.

1999இல் வந்த தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்டால், போதாது. டயான் கரோலும் ரூபி டீயும் பிரமாதம்தான். ஆனால் அதில் பேட்டியாளர் ஒரு பாத்திரமாகவே உட்கார்ந்திருக்கிறார். மேடையில் அந்த நாற்காலி நமக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல நேராக நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள். இதனால் பெரிய அரங்கம் இதற்குச் சரிப்படாது. இருநூறு பேர் கொள்ளும் கூடமே மேல். டிக்கெட் எடுக்கும்போது நடுப்பகுதியில் நான்காவது, ஐந்தாவது வரிசை கேளுங்கள். முதல் வரிசையில் கைவேலை நன்றாகத் தெரியும், திரையில் வரும் புகைப்படங்களைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். பால்கனி வேண்டவே வேண்டாம். மூன்று அங்கம், பேச்சுதான் முழுக்க. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நெளிவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.