வீட்டிலிருந்தே முழுச் சூரிய கிரகணம்: எந்தத் திரையை நம்பலாம்?

2020 டிசம்பர் 14, இரவு ஒன்பதரை. சிலியில் அப்போது நடுப்பகல் தாண்டிய நேரம், அங்கே முழுச் சூரிய கிரகணம். லேப்டாப்பில் இரண்டு ஜன்னல், மொபைலில் ஒன்று என்று விரித்து வைத்திருந்தேன். பாட்டி எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டா, கிரகணம்ங்கற. நான் இட்லி சாப்பிடலாமா, கூடாதா?”

“நம்ம ஊர்ல தெரியாது பாட்டி. தோஷம் எல்லாம் கிடையாது.”

“அப்புறம் நீ எதுக்குச் சாப்பிடாம உக்காந்திருக்க?”

இந்தியாவிலிருந்து வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் மார்ச் 23 முதலே நின்றிருந்தன. போக முடியாதவனுக்குத் திரைதான் கதி. ஆனால் ‘ஆன்லைனில் பார்த்தேன்’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சமாச்சாரம் இருக்கிறது.

முதலில் எல்லோரும் திறப்பது தொலைநோக்கி நேரலை. நாசா அன்று சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தந்த தொலைநோக்கிக் காட்சியை ஒளிபரப்பியது, கூடவே ஸ்பானிஷ் மொழியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியும் நடத்தியது. திரை நிறையச் சூரியன் இருக்கும், பிறை மெலிவது துல்லியமாகத் தெரியும். முழுமை, அதாவது நிலா சூரியனை முழுதாக மூடும் கட்டம், வந்ததும்தான் ஏமாற்றம். கரோனா எனப்படும் ஒளிமகுடம் சூரிய விளிம்பில் பளீரென்று இருக்கும். ஒரு சூரிய விட்டம் தள்ளிப் போவதற்குள் அதன் பிரகாசம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கண் இதைச் சமாளித்துவிடுகிறது, வீடியோ கேமராவால் முடிவதில்லை. விளிம்புக்குச் சரிசெய்தால் வெளி இழைகள் காணாமல் போகும், இழைகளுக்குச் சரிசெய்தால் விளிம்பு வெந்துபோன வெள்ளையாகிவிடும். நமக்கு மிஞ்சுவது கறுப்பு வட்டத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டிய மாதிரி ஒன்று. தவிர, நேரலை என்பதே சில பல விநாடி பழையதுதான். முழுமைக்குச் சற்று முன்னும் பின்னும் விளிம்பில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சிடும் ‘வைர மோதிரத்தை’ நாம் வாய் பிளந்து பார்க்கும்போது அங்கே அது முடிந்திருக்கும்.

இரண்டாவது, கூட்டத்துக்கு நடுவிலிருந்து வரும் காட்சி. இதை மட்டமாக நினைத்துத்தான் மொபைலுக்குத் தள்ளியிருந்தேன். சிலியின் வில்லாரிக்கா ஏரிக்கரையில் உள்ள புக்கோன் நகரில் அன்று நல்ல மழை. ஆயிரக்கணக்கானோர் நனைந்தபடி நின்றார்கள். சாம்பல் வானம், குடை, ரெயின்கோட், சூரியன் இருக்கிற திசையே தெரியவில்லை. பிறகு யாரோ ரெகுலேட்டரைத் திருகுவது போல வெளிச்சம் இறங்கியது. கூட்டத்தின் முணுமுணுப்பு கூச்சலாக மாறியது. மேகம் கடைசி நேரத்தில் கொஞ்சம் விலகியதாகப் பிறகு செய்தியில் படித்தேன், என் மொபைலில் அது தெரியவில்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்கு எனக்குப் புல்லரித்தது. தொலைநோக்கி ஜன்னல் அதைச் செய்யவில்லை. 2019 டிசம்பரில் நம்மூரில் வளையக் கிரகணத்தை நேரில் பார்த்தவன் நான். அன்றைக்கும் நினைவில் தங்கியது வளையமல்ல, சாயம் போன மாதிரி மங்கிய வெயில். சூரியனைக் காட்டும் திரை சூரியனை மட்டுமே காட்டுகிறது. இருட்டுவது ஓர் ஊர்.

மூன்றாவது, செயற்கைக்கோள். கோஸ்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் அப்போது பூமியின் முழு முகத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்தது. அந்தப் படங்களை அடுக்கி ஓட்டினால் தென் அமெரிக்காவின் குறுக்கே அழுக்குக் கறை போல ஒரு நிழல் தத்தித் தத்திப் போகிறது. அழகுதான், ஆனால் மறுநாள் காலை காபியோடு பார்த்தால் போதும்.

சோஹோ கதை வேறு. பெயர் பழகியது போல இருந்தாலும் இது மென்பொருள் நிறுவனம் அல்ல, 1995-இல் ஏவப்பட்ட சூரிய ஆய்வுக் கலம். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, தட்டு வைத்துச் சூரியனை மறைத்து எந்நேரமும் செயற்கைக் கிரகணம் காட்டுகிறது. தட்டு சூரியனைவிடப் பெரிதாகத் தெரிவதால் உள் மகுடம் அதில் தெரியாது. ஆனால் இங்கே நாம் வெறும் பார்வையாளர் இல்லை. அதன் படங்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. கிரகணத்துக்கு முதல் நாள், தாய்லாந்தைச் சேர்ந்த வானியல் ஆர்வலர் வொராசேட் பூன்பிளாட் அவற்றைத் துழாவி ஒரு குட்டி வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 15 மீட்டர் அகலமுள்ள அந்தத் துண்டு, மணிக்கு ஏழு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் அர்ஜென்டினாவில் எடுத்த கிரகணப் படங்களைச் சேர்த்தபோது மகுடத்தின் ஓரத்தில் அதுவும் சிக்கியிருந்தது. நேரில் போய் அண்ணாந்து நின்ற எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்?

ஸ்டெல்லேரியம் மாதிரியான இலவச மென்பொருளை நிஜம் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். புக்கோன் என்று இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், இருண்ட வானில் வெள்ளி எங்கே, ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளவிருந்த வியாழனும் சனியும் எங்கே என்று காட்டிவிடும். தொலைநோக்கியின் குறுகிய சட்டத்துக்குள் இவை எதுவும் வராது.

மகுடத்தின் நிஜ முகம் வேண்டுமானால் பொறுத்திருக்க வேண்டும். செக் நாட்டுக் கணிதப் பேராசிரியர் மிலோஸ்லாவ் டிரக்முல்லர் போன்றவர்கள், வெவ்வேறு ஒளியளவில் எடுத்த ஏராளமான படங்களை ஒன்றாக இழைத்துத் தருகிறார்கள். காந்தப்புலத்தின் வழியே நெளியும் இழைகள் முடி முடியாகத் தெரியும். எந்த நேரலையும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

என் கணக்கு இதுதான். சூரியனைப் பார்க்க நேரலை வேண்டாம், அந்தப் படம் பிறகு வரும், பல மடங்கு நன்றாகவும் வரும். நேரலையில் பார்க்க வேண்டியது இடத்தை. பெரிய திரையில் கூட்டம், சத்தம் ஸ்பீக்கரில், தொலைநோக்கி மூலையில் சின்னதாக இருந்தால் போதும். இரண்டு ஊர்களைத் திறந்து வைப்பதும் நல்லது. நிழல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் சிலியில் தவறினால் அர்ஜென்டினாவில் சில நிமிடம் கழித்துப் பிடிக்கலாம். முழுமை அதிகபட்சமே இரண்டு நிமிடம் பத்து விநாடிதான். என் வீட்டு இணையம் சரியாக அந்த நேரத்தில்தான் வட்டம் சுற்றியது. மொபைல் டேட்டா மட்டும் கைவிடவில்லை.

2026 ஆகஸ்ட் 12 ஸ்பெயின் கிரகணத்தின் முழுமையும் நமக்கு நள்ளிரவை ஒட்டித்தான். முன்கூட்டியே சாப்பிட்டுவிடலாம்.