நண்டுக் கறிக்கு எந்த வைன்? உப்புவெளி மேசையில் ஒரு பலப்பரீட்சை

திருகோணமலை நண்டுக் கறியோடு வைக்க ஒரே ஒரு போத்தல்தான் என்றால் நான் ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனை எடுப்பேன். அதிக விலை கொடுத்து வாங்கிய சிவப்பு வைனைக் கறிக்குப் பக்கத்தில் வைத்துப் பெருமைப்படுகிறவர்களுக்கு இந்த முடிவு பிடிக்காது. ஆனாலும் உறைப்பும் பழப்புளியும் முருங்கையிலையும் கூடிய ஒரு கறிக்கு முன்னால் போத்தலின் விலை எதையும் தீர்மானிப்பதில்லை.

வைகாசியில் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வெளிநாட்டு உறவுகள் வரத் தொடங்குவார்கள். அவுஸ்திரேலியாவில் இருப்பவர் பரோசா ஷிராஸ் என்ற சிவப்பு வைனைக் கொண்டுவருவார், பிரான்சில் இருப்பவர் ஷாப்லி என்ற வெள்ளையை, ஜேர்மனியில் இருப்பவர் மோசல். எல்லாம் ஒரே மேசையில் கூடும். அவரவர் இருக்கும் நாட்டு வைன்தான் திறம் என்று வாதமும் தொடங்கும்.

வாதத்தைத் தீர்க்க நல்ல வழி, போத்தல்களைப் பத்திரிகைத் தாளால் சுற்றி இலக்கம் போட்டுவிடுவது. கண் நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை 2001இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். 1976இல் பாரிசில் பெயர் மறைத்து நடந்த சுவைப்பில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னிய வைன்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்: வெள்ளையில் ஷத்தோ மொன்டலீனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப். இரண்டும் 1973ஆம் ஆண்டு அறுவடை. பெயரை மறைத்திராவிட்டால் அந்த முடிவு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி வெள்ளைகள். நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோன் பிளாங் மூக்குக்கு மிக எளிதாகப் பிடிபடும். கொடித்தோடம்பழம், வெட்டிய புல், பச்சைக் கறிமிளகாய் என்று மணங்கள் கிளாசிலிருந்து எழும்பி வரும். தேசிக்காய் பிழிந்த பொரித்த பாரைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. நண்டுக் கறியோடு மட்டும் தடுமாறும். பெரும்பாலும் 13 வீத மதுசாரம், இனிப்பு மிகக் குறைவு. ஆகவே உறைப்பு அடங்காது, ஏறும்.

இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் கப்சைசின் தூண்டுவது, வாயில் சூட்டை உணரும் ஏற்பியைத்தான். மதுசாரம் அதே ஏற்பியை இன்னும் எளிதில் தூண்டப்படும்படி செய்கிறது. மதுசாரம் கூடின வைனை உறைப்புக் கறியோடு குடித்தால் எரிவு இரட்டிப்பது இதனால்தான்.

ஷாப்லி வேறு குணம். முந்திரிகைப் பழம் ஷார்டனே, ஊர் பர்கண்டியின் வட கோடி, மண் சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்பு மண். மணம் அடக்கமானது, புளிப்பு நேரானது. அதே ஷார்டனேயைக் கலிஃபோர்னிய வெயிலில் பழுக்கவைத்துப் புதிய ஓக் பீப்பாவில் வளர்த்தால் வெண்ணெயும் வனிலாவும் மணக்கும் கனத்த வைனாகிவிடும். தேங்காய்ப்பால் மீன் சொதிக்கு எது? பாலுக்குக் கனம்தான் பொருத்தம் என்று பலர் சொல்வார்கள். நான் ஷாப்லி பக்கம். சொதியிலேயே கொழுப்பு இருக்கிறது. அதை வெட்டி அடுத்த வாய்க்கு நாக்கைத் துடைத்துக் கொடுக்கப் புளிப்பு வேண்டும்.

மோசலுக்கு வருவோம். ஏறக்குறைய 50 பாகை வட அகலக்கோட்டில், முந்திரிகைக் கொடி பழுக்கவே சிரமப்படும் குளிர்நாட்டில், செங்குத்தான சிலேட்டுப் பாறைச் சரிவுகளில் ரீஸ்லிங் விளைகிறது. பாறை பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கும். பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு குறையாது. காபினெட் என்று எழுதிய போத்தல் ஒன்றை எடுத்து மதுசார வீதத்தைப் பாருங்கள். 8 அல்லது 9 என்று இருந்தால் பழத்தின் சீனி முழுவதும் மதுசாரமாக மாறவில்லை, கொஞ்சம் இனிப்பு எஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். ட்ரொக்கன் என்று இருந்தால் அது இனிப்பற்ற வகை. இந்தக் கறிக்கு அது வேண்டாம்.

“இதென்ன தம்பி, இனிப்பு வைனைக் கொண்டந்து வைச்சிருக்கிறீர்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இனிப்பு என்றால் மட்டம் என்ற நினைப்பு நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. மோசலில் இனிப்பையும் புளிப்பையும் தனித்தனியே பிரிக்க முடியாது. புளிப்பு பழப்புளிக்கு ஈடுகொடுக்கும். இனிப்பு உறைப்பைத் தணிக்கும், நண்டுச் சதையின் இயல்பான தித்திப்பையும் மேலே கொண்டுவரும். மதுசாரம் குறைவு என்பதால் கச்சான் காற்று அடிக்கும் மதியத்திலும் தலை பாரமாகாது. போத்தல் பழகப் பழக மண்ணெண்ணெய் போன்ற ஒரு மணமும் வரும். பழுதென்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், வயதான ரீஸ்லிங்கின் அடையாளம் அது.

சிவப்புக்கும் கடலுணவுக்கும் உள்ள பகையை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இரும்புச்சத்துக் கூடிய வைனைக் கடற்சிப்பியோடு சேர்த்தால் வாயில் மீன்வெடுக்குத் தோன்றுகிறது. சிவப்பு வைன்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழமை. அதற்கு மேல் தனின். வெறும் பாக்கை மென்றால் வாய் கயர்ப்பதுபோல முரசை வறளவைக்கும் பொருள் அது. உறைப்போடு சேர்ந்தால் கயர்ப்பு முரடாகும்.

இதனால் பரோசா ஷிராஸ் மட்டமான வைனாகிவிடாது. தென் அவுஸ்திரேலியாவுக்குள், கொடியின் வேரை அழிக்கும் பைலொக்செரா பூச்சி நுழையாததால் அங்கே 1843இல் நட்ட கொடிகள்கூட இன்றும் காய்க்கின்றன. 14, 15 வீதம் மதுசாரம், கறுத்த பழங்களின் செறிவு. ஷிராசின் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம், நம் மிளகிலும் அதுவேதான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே தெரியாது. பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கில், அதே பழம் சிரா என்ற பெயரில், இன்னும் மெலிந்து மிளகு கூடி வருகிறது. மிளகு தூக்கலாகப் போட்டு, மிளகாயைக் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு நான் ரோனைத் தேர்வேன். சுட்ட இறைச்சி என்றால் பரோசா. நண்டுக்கு இரண்டும் வேண்டாம்.

அர்ஜென்டினாவின் சிவப்பு வைனான மெல்பெக்கும் இறைச்சிக்கு உரியதுதான். கடற்கரைச் சாப்பாட்டில் அதற்கு இடம் காணவில்லை.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது ஐரோப்பியக் குளிர் வீட்டுக்குச் சொன்னது, 16 முதல் 18 பாகை வரை. இங்கே ஆடி மாதத்து அறை 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஊற்றினால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், பழம் தெரியாது. பிரிட்ஜில் வைத்து அந்த அளவுக்குக் குளிர்த்துங்கள். வெள்ளைக்கு 8 முதல் 10 பாகை போதும். ஐஸ் போட்டால் எல்லாப் போத்தலும் ஒரே சுவையாகிவிடும்.

நண்டோடும் சிவப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறவருக்கு பிரான்சின் போஜோலே கொடுங்கள். காமே பழம், மெல்லிய தோல். பெரும்பாலும் குலையை முழுதாகவே போட்டு நொதிக்கவைப்பதால் கயர்ப்புக் குறைவு. 12, 13 பாகைக்குக் குளிர்த்தி, கறியில் மிளகாய்த்தூளையும் ஒரு கரண்டி குறைத்துவிட்டால் இரண்டும் சண்டையில்லாமல் போகும்.